ஏழு பத்துக்குப் போட்ட ஊசி

அந்த வியாழக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு டைரியைத் திறந்தபோது, நான் போட வேண்டிய டிக் குறி ஏற்கெனவே அங்கே இருந்தது. பக்கத்தில் நேரமும் இருந்தது: 7.10. என் கையெழுத்துதான். ஏழுக்கு நடுவில் நான் ஒரு சின்னக் கோடு இழுப்பேன். அந்தக் கோடும் இருந்தது. அதை எழுதியது மட்டும் எனக்கு நினைவில்லை.

என் கணவருக்கு இன்சுலின் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் இருபத்துநான்கு யூனிட், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினாறு. ஓசூர் ரோட்டில், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சூப்பர்வைசராக இருக்கிறார். இரும்புத் தகடு கையைக் கிழித்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பவர், ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் டாக்டர் முன்னால் இன்சுலின் பேனாவை வாங்கி வயிற்றருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து அது என் வேலை.

மூடியைக் கழற்றுவது. திருகை இரண்டில் வைத்து அழுத்தி, ஊசி முனையில் ஒரு துளி வருகிறதா என்று பார்ப்பது. பிறகு இருபத்துநான்குக்குத் திருப்புவது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்கும். தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளிக் குத்தி, அழுத்தி, பத்து எண்ணி, எடுப்பது. மூடுவது. ஹாலில் இருக்கும் டைரியில் குறி போடுவது. முதல் மாதத்தில் இவை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். குத்தும்போது என் நெற்றியில் வியர்க்கும். அவர் கண்ணை இறுக்கி மூடியபடி, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்பார்.

ஒரு வருடத்துக்குள் அதெல்லாம் போய்விட்டது. கறிவேப்பிலை தீர்ந்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே என்னால் ஊசி போட முடிந்தது. அவரும் மாறிவிட்டார். நான் அறைக்குள் நுழையும் காலடிச் சத்தத்துக்கே இடது கை பனியனைத் தூக்கும். வலது கை மொபைலைப் பிடித்திருக்கும். கண் திரையிலிருந்து நகராது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. நான் ஒழுங்குக்காரி. பள்ளிக்கூட ஆபீஸில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேலாக டைரி எழுதுகிறேன். பால் வந்த நேரம், காஸ் மாற்றிய நாள், யாருக்கு என்ன மாத்திரை, எல்லாம் அதில் இருக்கும். ஒரு வேலையை எப்போதும் ஒரே மாதிரி செய்தால் தப்பு வராது என்று நம்பியிருந்தேன்.

ஒரே மாதிரி செய்யும் வேலை நினைவில் எந்தத் தடமும் விடுவதில்லை என்பது எனக்கு அன்று காலைவரை தெரியாது.

நடந்தது இதுதான். எங்கள் கட்டிடத்தில் நான்கு வீடுகள். தண்ணீர் லாரி வரும் நாளில் ஒரு வீட்டார் கீழே போய் சம்ப் என்கிற தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டு, நிரம்பும்வரை நிற்க வேண்டும். வியாழக்கிழமை எங்கள் முறை. வழக்கமாக ஏழரைக்கு வரும் லாரி அன்று முன்னாலேயே வந்துவிட்டது. ஹார்ன் சத்தம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. படியில் இறங்கியதும், குழாய் துள்ளி என் புடவையையும் இரண்டு கைகளையும் நனைத்ததும், லாரிக்காரர் "ஸாரி மேடம்" என்று சிரித்ததும் நினைவிருக்கிறது. மேலே வந்தபோது ஹாலில் மணி ஏழு இருபத்தைந்து. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு அறைக்குள் போனேன். பேனா மேஜைமேல் இருந்தது. எடுத்தேன். அவர் பனியனைத் தூக்கினார். ஈரக் கையில் பேனா வழுக்கியது. முந்தானையில் துடைத்து, மறுபடி பிடித்து, குத்தி, பத்து எண்ணினேன். அந்த ஒரு வழுக்கலால்தான் அந்த ஊசி என் நினைவில் நின்றது. கல் புகைகிற வாசனை வந்ததால் குறி போடாமலே சமையலறைக்கு ஓடினேன்.

விட்டுப்போன அந்தக் குறியைப் போடத்தான் எட்டேகாலுக்கு டைரியைத் திறந்தேன். அங்கே 7.10 இருந்தது.

முதலில் ஒரு சமாதானம் தோன்றியது: குறியை முன்னாலேயே போட்டிருப்பேன், ஊசி போடுவதற்குள் ஹார்ன் கேட்டிருக்கும், மேலே வந்து போட்டேன். ஆனால் நான் ஊசி போடாமல் குறி போட்டதே இல்லை. இல்லை என்று எப்படித் தெரியும்? ஏழு பத்துக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒரு காட்சி வந்தது: மூடி, துளி, திருகு, பனியன், பத்து. அது நேற்றைய காட்சியாக இருக்கலாம். போன மாதத்துக் காட்சியாகவும் இருக்கலாம். எழுநூறு காலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே காலையாகிவிட்டிருந்தன. அதிலிருந்து இன்றைய காலையைப் பிரித்தெடுக்க என்னிடம் நகம் இல்லை.

இரண்டு தடவை போட்டிருந்தால் நாற்பத்தெட்டு யூனிட். நேரம் போய்விட்டதால் அன்று அவர் நான்கு தோசைக்குப் பதில் இரண்டுதான் சாப்பிட்டார். ஏழு ஐம்பதுக்குக் கிளம்பி, எட்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பேனாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை புதிய மருந்துக்குழாய் மாட்டினேன். அன்றிலிருந்து கணக்குப் போட்டால், ஒரு தடவை போட்டிருந்தால் எவ்வளவு மிச்சமிருக்கும், இரண்டு தடவை போட்டிருந்தால் எவ்வளவு என்று தெரியும். போட்டேன். கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு குழாயில் பார்த்தால், உள்ளே தள்ளும் கறுப்பு ரப்பருக்கு ஒரு தடிமன் இருக்கிறது. அதன் மேல் விளிம்பை வைத்துப் பார்த்தால் ஒரு தடவை. கீழ் விளிம்பை வைத்துப் பார்த்தால் இரண்டு தடவை. எந்த விளிம்பு கணக்கு என்று இரண்டு வருடத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

எட்டு இருபத்திரண்டுக்கு அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். ஒரு ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச்சொல்லியிருந்தார்கள்; அப்போது நானும் அதில் போயிருக்கிறேன். விடுமுறை நாள், பக்கத்தில் மனைவி, பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை. சீட்டில் சாய்ந்த ஐந்தாவது நிமிடம் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் வாய் பிளந்து தூங்கினார்கள். பஸ் ஓசூர் ரோட்டின் நீண்ட மேம்பாலத்திலிருந்து இறங்கி இடதுபக்கம் சற்றுச் சாய்ந்ததும், யாரும் கூப்பிடாமல், அத்தனை பேரும் கண்ணைத் திறந்து, பையைத் தோளில் மாட்டி, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டார்கள். அன்று அதைப் பார்த்துச் சிரித்தேன். "ஒடம்புக்கே ரூட்டு தெரியும்மா" என்றார் அவர்.

இப்போது அதை வேறு மாதிரி நினைத்துப் பார்த்தேன். சர்க்கரை இறங்கி மயங்கும் மனிதனும் தூங்கும் மனிதனும் அந்த பஸ்ஸில் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். எழுப்புவது அங்கே மரியாதைக் குறைவு.

எட்டு முப்பது, எட்டு முப்பத்தைந்து, எட்டு நாற்பது. நேரங்களை டைரியின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போன் செய்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பக்கத்து சீட்டில் உட்காருபவரின் எண் என்னிடம் இருந்தது. கோலார் பக்கம் பிறந்தவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார், ஸ்டோர்ஸிலேயே வேலை, என்னை அக்கா என்பார். அவருக்கும் அடித்தேன். அவரும் எடுக்கவில்லை. அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

எட்டே முக்காலுக்கு நான் பள்ளியில் இருக்க வேண்டும். வரத் தாமதமாகும் என்று அங்கே சொன்னேன். ஏன் என்று கேட்டதற்கு, தண்ணீர் லாரி என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்கு அவர் போனை எடுத்தார்.

"ஏங்க!" என்றேன்.

"ஏறிட்டேன்மா. சீட்டு இருக்கு. டப்பா இருக்கு. வெச்சுடறேன்."

"ஏங்க, இருங்க, காலையில ரெண்டு தடவ ஊசி போட்டுட்டேனோன்னு…"

"ஆங், ஆங். வெச்சுடறேன்."

வைத்துவிட்டார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பேசுகிறார். நன்றாக இருக்கிறார். கர்த்தாவே ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, முகம் கழுவி, பையை எடுத்துத் தோளில் மாட்டி, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, படியில் இறங்கினேன். ஆறாவதோ ஏழாவதோ படியில் கால் நின்றது.

அந்த வார்த்தைகள் தினமும் அவர் சொல்லும் வார்த்தைகள். ஒருமுறை சாப்பாட்டு டப்பாவை ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டு ஏறியதிலிருந்து, பஸ் ஏறியதும் போன் செய்து இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்வார். அன்றும் எட்டு ஐந்துக்குச் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து எதற்காக மறுபடி சொல்ல வேண்டும்? நான் கேட்டது ஊசியைப் பற்றி. பதில் சொன்னது டப்பாவைப் பற்றி. போன் காதில் வைக்கப்பட்டதும் அவர் வாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. அவர் அங்கே இல்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு அடித்தேன். மூன்றாவது முறை எடுத்தார்.

"அக்கா?" தூக்கக் குரல்.

"தம்பி, அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இங்கதான் இருக்காரு அக்கா. நல்லாத் தூங்கறாரு."

"எழுப்பு தம்பி."

"சும்னே எதுக்குக்கா எழுப்பறது? இப்பதான் ஃப்ளைஓவர் ஏறுறோம். எறங்குனா தானா எழுந்துப்பாரு, அலாரம் மாதிரி."

"தம்பி, நான் சொல்றதக் கேளு. சுகர் எறங்கிடுச்சு அவருக்கு. இப்பவே எழுப்பு."

"அண்ணா. ஓய் அண்ணா. அண்ணோ!" பிறகு அவர் குரல் மாறியது. "அக்கா, சட்டையெல்லாம் தொப்பலா நனஞ்சிருக்குக்கா. கை ஜில்லுனு இருக்கு."

"கண்ணத் தொறக்கறாரா?"

"தொறந்துட்டாரு. என்னையே பாக்கறாரு. என்னமோ சொல்றாருக்கா."

"என்ன சொல்றாரு?"

"ஏறிட்டேன்ங்கறாரு."

படிக்கட்டின் கைப்பிடியை நான் இறுகப் பிடித்திருந்தேன். கீழ் வீட்டிலிருந்து குக்கர் விசில் கேட்டது. போனில் ஏதோ இழுபறிச் சத்தம். "அண்ணா, எங்க போறீங்க? ஒக்காருங்கண்ணா! ஸ்டாப்பு வரல. அக்கா, பைய மாட்டிக்கிட்டு எறங்கப் போறாருக்கா. பாலத்து மேல இருக்கோம். ஏய், யாராச்சும் புடிங்கப்பா!"

"தம்பி, சக்கரை குடு. வாயில ஏதாவது இனிப்பு போடு. முழுங்கறாரான்னு பாத்துப் போடு."

"சக்கரை இருக்கா யார்கிட்டயாவது?" என்று அவர் பஸ்ஸுக்குள் கத்தினார். தூக்கம் கலைந்த குரல்கள் கேட்டன. கன்னடத்தில் டிரைவர், "ஏனாயித்து? ஏனாயித்து?" என்று என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாலத்தின்மேல் நிறுத்த முடியாது. பின்னால் ஒரு பெண் குரல், "டாஃபி கூட இல்லியே." இன்னொருவர், "பாதி பஸ் சுகர் பேஷண்ட்டு, யாருகிட்ட இனிப்பு இருக்கும்?" அதற்கு யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"அக்கா, ஒருத்தர்கிட்ட திருப்பதி லட்டு இருக்குக்கா." பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கணம் தயங்கினார். "அண்ணன் சாப்பிடுவாரா? நீங்க சர்ச்சு…"

"ஊட்டு தம்பி! ஊட்டு!"

"ஊட்டறேன். ஊட்டறேன்."

"மெல்றாரா?"

"மெல்றாருக்கா. கண்ணு எங்கயோ இருக்கு, வாய் மட்டும் மெல்லுது."

கை, வாய், கால், எல்லாமே அவர் இல்லாமலே வேலை செய்துகொண்டிருந்தன. பை மாட்டத் தெரிந்தது, இறங்கப் போகத் தெரிந்தது, மெல்லத் தெரிந்தது. நான் அவரில்லாத அவரோடு எத்தனை நாள் பேசியிருக்கிறேன் என்று அந்தப் படியில் உட்கார்ந்து நினைத்தேன். அவர், நான் இல்லாத என்னிடம் எத்தனை நாள் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார் என்றும். போனை வைக்காதே என்று சொல்லியிருந்ததால் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் எந்த நொடியும் அறுந்துவிடும்போல இருந்தது. அரை லட்டு உள்ளே போனதும் உட்கார்ந்துவிட்டார் என்றார் தம்பி. பிறகு கொஞ்ச நேரத்தில், "தண்ணி கேக்கறாருக்கா" என்றார். அப்போதுதான் கைப்பிடியை விட்டேன்.

கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ் பரிசோதித்தபோது சர்க்கரை ஐம்பத்தெட்டு. அது லட்டுக்குப் பிறகு. முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, படுக்க வைத்து, அரை மணிக்கொரு முறை குத்திப் பார்த்தார்கள். பத்தரைக்கு அவரே பேசினார்.

"எனக்கு என்னாச்சு? எதுக்கு எல்லாரும் என்னச் சுத்தி நிக்கறானுங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டாப்பில் நின்றது வரைதான் அவருக்கு நினைவிருந்தது. என்னிடம் பேசியது தெரியவில்லை.

"ரெண்டு தடவ போட்டியா? நெஜமாவா?"

"உங்களுக்குத் தெரியலியா? உங்க வயிறுதான?"

"நீ கரண்டியோட வந்திருந்தாலும் பனியனத் தூக்கியிருப்பேன்மா" என்றார். பக்கத்தில் தம்பி சிரிப்பது கேட்டது. நான் சிரிக்கவில்லை. அழுதேன் என்றும் சொல்ல முடியாது. மடியில் கிடந்த கையைப் பார்த்தேன். வலது கை. ஊசி போட்ட கை.

அன்று மாலை டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சந்தேகம் வந்தா போடாதீங்க. மெஷின்ல சுகர் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா சரி பண்ணிக்கலாம். ரெண்டு தடவ போயிட்டா வெளிய எடுக்க முடியாது" என்றார். அதை டைரியில் அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் என் கைகளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். பயமாக இருந்தது. போனைத் திறக்கும் எண் என்ன என்று என்னையே கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, விரல்தான் சொன்னது. ஒருநாள் பள்ளியில் வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்க முடித்திருந்தேன். அதில் ஒரு பெயரைக்கூடப் படித்ததாக ஞாபகமில்லை. தப்பு எதுவும் இல்லை. தப்பு இல்லாததுதான் என்னைக் கலங்கவைத்தது. காய்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கன்னடத்தில் பேசினேன் என்பது உறைத்தது. யார் முடிவு செய்தது? காஸை அணைத்தேனா என்று திரும்பி வந்து பார்த்தால் எப்போதும் அணைந்திருந்தது. எனக்குத் தெரியாமல் எனக்குள் ஒருத்தி எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருக்கிறாள். அவள் என்னைவிட வேகமானவள், ஒழுங்கானவள். ஆனால் அவளுக்கு ஒன்றே ஒன்று தெரியாது: ஒரு வேலையைச் செய்து முடித்தாயிற்று என்பது. கண்ணெதிரே பேனா இருந்தால் போடுவாள்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். நான் ஊசியை அவர் வயிற்றில் வைக்குமுன், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பேன். அவர் மொபைலைக் கீழே வைத்துவிட்டு, கிழமையைச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே அன்று புதிதாகத் தெரியும் ஒரு பொருளையும் சொல்ல வேண்டும். நான் அதை டைரியில் நேரத்துக்குப் பக்கத்தில் எழுதுவேன். ஒவ்வொரு காலைக்கும் ஒரு முகம் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. முதல் வாரம் டைரியில் இப்படி இருக்கிறது: கேபிள் ஒயரில் சிக்கிய பட்டம். எதிர் மாடியில் மஞ்சள் மெத்தை. பெயின்டர் ஏணி. ஏணியில் பெயின்டர் இல்லை. அவருக்கும் அது பிடித்துப்போனது. "நாளைக்கு என்ன காட்டப் போறானுங்கன்னு பாப்போம்" என்பார்.

நான்காவது வாரத்தில் அவர் "காக்கா" என்றார். அடுத்த நாளும் காக்கா. எங்கள் ஜீவனஹள்ளியில் எந்த ஜன்னலிலும் எந்த நேரமும் ஒரு காக்கா இருக்கும். நானும் எழுதினேன்.

ஒரு புதன்கிழமை காலை. பேனா என் கையில், மூடி கழற்றியிருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வா. காக்கா."

"சரி" என்றேன்.

சொல்லிவிட்டு ஊசியை அருகே கொண்டுபோனேன். அவர் பனியனைத் தூக்கியிருந்தார். மொபைல் கையில் இருந்தது. எப்போது மறுபடி கைக்கு வந்தது என்று தெரியவில்லை. குப்பை அள்ளும் வண்டியின் பாட்டு கீழே கேட்டது. அது செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் வராது. நான் ஜன்னலைப் பார்த்தேன். காக்கா இல்லை. வானம் மட்டும் இருந்தது.

"ஏங்க, இன்னைக்குப் புதன்."

அவர் நிமிர்ந்தார். "செவ்வான்னா சொன்னேன்?"

"நானும் சரின்னேன்."

இருவரும் ஊசி முனையைப் பார்த்தோம். அதில் ஒரு துளி இருந்தது. சரிபார்க்க அழுத்தியபோது வந்த துளியாக இருக்கலாம். போட்டுவிட்டு எடுத்தபின் வந்ததாகவும் இருக்கலாம். ஹாலுக்குப் போய் டைரியைப் பார்த்தேன். குறி இல்லை. குறி இல்லாதது எதற்கும் சாட்சியில்லை என்று எனக்கு இப்போது தெரியும்.

"போட்டேனா?"

"போடல." பிறகு, "எனக்குத் தெரியல" என்றார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். இரண்டு வருடத்துப் புள்ளிகள் அங்கே இருந்தன; எது இன்றையது என்று அவர் வயிறே சொல்லவில்லை. "என்னம்மா நாம ரெண்டு பேரும்?" என்று மெதுவாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் முதல் ஊசியன்றுகூடப் பார்த்ததில்லை.

மெஷினில் பார்த்தோம். நூற்று எழுபது. போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அந்த நேரத்தில் அதுதான் இருக்கும். டாக்டருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பேனாவை மூடி டப்பாவில் வைத்தேன். மூட வேண்டாம் என்று கை சற்றே முரண்டு பிடித்தது, அதை உணர்ந்தேன்.

"போடலன்னா ஏறுமில்ல?" என்றார்.

"ஏறட்டும்."

பாக்கெட்டில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும், பையில் மெஷினும் வைத்து அனுப்பினேன். தம்பிக்குப் போன் செய்து, அண்ணனைத் தூங்கவிடாதே என்றேன். "நானே தூங்காம இருக்கணுமேக்கா" என்றார். ஆனால் தூங்கவில்லை. வழியெல்லாம் கால் மணிக்கொரு முறை இரண்டு பேரும் மாறிமாறி எனக்கு மெசேஜ் அனுப்பினார்கள். பள்ளியில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பெயரும் எழுதாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு அவர் அழைத்தார்.

"இருநூத்தி எண்பத்தொண்ணு" என்றார்.

அந்த எண்ணுக்கு வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் பதறியிருப்பேன். இன்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். போடவில்லை. காலையில் நான் போடவில்லை. அவர் கண்ணுக்கு, சிறுநீரகத்துக்கு, காலுக்கு ஆகாத ஒரு எண். அதைக் கேட்டு நான் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆசிரியை கையெழுத்துக்காக நின்றார். "என்ன மேடம், நல்ல நியூஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் திரும்ப அழைத்தார். மத்தியானச் சோறைக் குறைக்கச் சொன்னார். இரவு வழக்கம்போலப் பதினாறு யூனிட் போடச் சொன்னார்.

அதற்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது.